பனியைப் பார்த்து நாள் குறியுங்கள்: சியரா நெவாடாவுக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு

கலிஃபோர்னியாவுக்கு வந்த முதல் வருடம். மே மாதக் கடைசியில் வரும் மூன்று நாள் விடுமுறையில் யோசெமிட்டி தேசியப் பூங்காவின் மேட்டுப் பகுதியான டுவாலமி மெடோஸுக்குப் போவதென்று முடிவுசெய்து, கூடாரம், அடுப்பு, நான்கு பேர் என்று காரை அடைத்துக்கொண்டு கிளம்பினோம். வழியெல்லாம் சமவெளியில் வெயில் கொளுத்தியது. மலையேறி கிரேன் ஃபிளாட் வந்தால், சாலைக்குக் குறுக்கே பூட்டிய கேட். மேலே இன்னும் பனி கிடக்கிறது, திறக்க வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள். தப்பு எங்களுடையதுதான். எங்களுக்கு லீவு எப்போது என்று பார்த்தோமே தவிர, பனி எப்போது கரையும் என்று பார்க்கவில்லை.

அப்புறம் பல தடவை போய்வந்ததில் ஒன்று பிடிபட்டது. யோசெமிட்டி இருக்கும் சியரா நெவாடா மலைத்தொடருக்குப் பனிதான் பஞ்சாங்கம். எந்தச் சாலை என்றைக்குத் திறக்கும், எந்த அருவியில் தண்ணீர் விழும், எந்த ஓடையைத் தாண்ட முடியும், எந்த ஆற்றில் படகு விடலாம், கொசு எப்போது பிடுங்கும் என்பதெல்லாம் அந்தக் குளிர்காலத்தில் மேலே எவ்வளவு பனி சேர்ந்தது என்பதிலிருந்துதான் வருகிறது. அந்தப் பஞ்சாங்கத்தை எப்படிப் படிப்பது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: மலையின் கிடப்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

சியரா நெவாடா வடக்கு தெற்காக ஏறக்குறைய 400 மைல் நீளம். ஸ்பானிய மொழியில் ‘சியரா’ என்றாலே மலைத்தொடர், ‘நெவாடா’ என்றால் பனி படர்ந்தது. அதனால் ‘சியராஸ்’ என்று பன்மையில் சொன்னால் உள்ளூர்க்காரர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். சொல்லிவைக்கிறேன்.

ஒரு பெரிய பலகையின் கிழக்கு விளிம்பை மட்டும் தூக்கிவிட்டது போன்ற மலை இது. மேற்குப் பக்கம் அறுபது எழுபது மைலுக்கு மெல்ல மெல்ல ஏறும். கிழக்குப் பக்கம் செங்குத்தாக விழும். கிழக்கே ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் இருக்கும் லோன் பைன் ஊர் சுமார் 3,700 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே டீ குடித்துக்கொண்டே 14,505 அடி விட்னி சிகரத்தை அண்ணாந்து பார்க்கலாம். அலாஸ்காவையும் ஹவாயையும் விட்டுவிட்டால் அமெரிக்காவிலேயே உயரமான சிகரம் அதுதான்.

பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து கொட்டிவிடும். கிழக்கே மழை மறைவுப் பிரதேசம், பாலைவனத்துக்கு ஒரு படி குறைவு. ஆறுகளும் இதற்கேற்ப இரண்டு ஜாதி. அமெரிக்கன், ஸ்டானிஸ்லாஸ், டுவாலமி, மெர்செட், கிங்ஸ், கெர்ன் எல்லாம் மேற்கே இறங்கும் நீண்ட ஆறுகள். கிழக்கே இறங்குபவை குட்டையானவை, பெரும்பாலும் கடலைப் பார்க்காதவை. டாஹோ ஏரியில் அறுபதுக்கும் மேற்பட்ட ஓடைகள் வந்து சேர்கின்றன. வெளியே போவதோ டிரக்கி ஆறு ஒன்றுதான். அதுவும் நெவாடா பாலைவனத்தில் பிரமிட் ஏரியில் போய் முடிந்துவிடும்.

காடு, அருவி, படகுச் சவாரி வேண்டுமா, மேற்குப் பக்கம். காரிலேயே உயரத்துக்குப் போய் அங்கிருந்து நடந்து ஏரிகளையும் சிகரங்களையும் பிடிக்க வேண்டுமா, கிழக்குப் பக்கம்.

இரண்டாம் படி: பனி இருப்பைப் படியுங்கள்

அங்கே ‘ஸ்னோபேக்’ என்று சொல்வதை நான் பனி இருப்பு என்று சொல்லிக்கொள்வேன். அணையில் நீர் இருப்பு என்கிறோம் இல்லையா, அதே பொருள்தான். கலிஃபோர்னியாவின் தண்ணீர்த் தேவையில் சராசரியாக 30 சதவீதத்தை இந்தப் பனி தருகிறது. குளிர்காலத்தில் மலைமேல் உட்கார்ந்திருந்து, மழையே இல்லாத கோடையில் இறங்கிவருகிறது. கரையும் சுவரும் இல்லாத அணை.

பனியை அளக்கிறவர்களுக்கு ஆழம் அவ்வளவு முக்கியமில்லை. புதுப்பனி பஞ்சு மாதிரி, பழைய பனி இறுகிப்போன உப்பு மூட்டை மாதிரி. ஒரே பத்து அடியில் இருக்கும் தண்ணீர் இரண்டிலும் வேறு. அதனால் ‘இதை அப்படியே உருக்கினால் எத்தனை அங்குலத் தண்ணீர் நிற்கும்’ என்று கணக்குப் போடுகிறார்கள். உலோகக் குழாயை மண் தட்டும்வரை பனிக்குள் செருகி, எடுத்து, எடை போட்டால் விடை வந்துவிடும். இந்தக் குழாயை உருவாக்கியவர் ஜேம்ஸ் சர்ச். ரெனோவில் இருந்த நெவாடா பல்கலைக்கழகத்தில் லத்தீனும் கிரேக்கமும் சொல்லிக்கொடுத்த பேராசிரியர். மலையேறும் பித்து அவரை இதில் கொண்டுவிட்டது. இன்றைக்கும் மாநில நீர்வளத் துறையினர் நெடுஞ்சாலை 50-இன் ஓரம், சுமார் 6,800 அடி உயரத்தில் இருக்கும் ஃபிலிப்ஸ் ஸ்டேஷன் என்ற புல்வெளியில் குழாயோடு நின்று அளப்பதைச் செய்தியில் காட்டுவார்கள். 2023 ஏப்ரல் 3 அன்று அங்கே பனியின் ஆழம் 126.5 அங்குலம், உள்ளே இருந்த தண்ணீர் 54 அங்குலம். 2015 ஏப்ரல் 1 அன்று அதே இடத்தில் அப்போதைய ஆளுநர் ஜெர்ரி பிரவுன் வெறும் புல்லின்மேல் நின்றார்.

ஏன் ஏப்ரல் 1? சராசரியாகப் பனி இருப்பு உச்சத்துக்கு வருவது அப்போதுதான். அதற்குப் பிறகு வரவைவிடச் செலவு அதிகம். மாநில நீர்வளத் துறையின் தளத்தில் மலையை வடக்கு, நடு, தெற்கு என்று மூன்றாகப் பிரித்து, ‘இன்றைய நாளின் சராசரியில் எத்தனை சதவீதம்’, ‘ஏப்ரல் 1 சராசரியில் எத்தனை சதவீதம்’ என்று இரண்டு எண் போட்டிருப்பார்கள். புதிதாகப் பார்ப்பவர்கள் இதில்தான் குழம்புவார்கள். ஜனவரியில் முதல் எண் 120 என்று இருந்தாலும் இரண்டாவது எண் 50 தான் இருக்கும். வருடத்தின் கணக்கு இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். ஜனவரியில் அளந்ததை வைத்து ஜூலைக்கு டிக்கெட் போடாதீர்கள்.

சரி, இந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 2015-இல் மாநில அளவில் ஏப்ரல் 1 சராசரியில் 5 சதவீதம்தான் பனி. யோசெமிட்டியைக் குறுக்கே கடக்கும் டியோகா சாலை அந்த வருடம் மே 4-ஆம் தேதியே திறந்துவிட்டது. 2023-இல் 237 சதவீதம். அதே சாலை ஜூலை 22 அன்றுதான் திறந்தது. ஒரே சாலை, பதினோரு வாரம் வித்தியாசம். என் தோராயக் கணக்கு இது: ஏப்ரல் தொடக்கத்தில் 70 சதவீதத்துக்குக் கீழே என்றால் உயரத்துப் பயணத்தை ஜூன் தொடக்கத்துக்கே வைத்துக்கொள்ளலாம். நூறை ஒட்டி இருந்தால் ஜூலை நடு. 150-ஐத் தாண்டினால் 10,000 அடிக்கு மேலே போகும் எதையும் ஆகஸ்டுக்குத் தள்ளிவிடுங்கள். மே மாதம் சூடாக இருந்தால் இரண்டு வாரம் முன்னே வரும், குளிர்ந்தால் பின்னே போகும்.

இன்னொரு சங்கதி. மாநில சராசரி உங்கள் பாதையைப் பற்றி எதுவும் சொல்லாது. ஆங்காங்கே பனியின் எடையை உணர்ந்து தினமும் அனுப்பும் தானியங்கிக் கருவிகள் மலைத்தொடர் நெடுகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. போகும் இடத்துக்கு அருகில், அதே உயரத்தில் உள்ள ஒன்றைப் பிடித்து வாரம் ஒருமுறை பாருங்கள். அதில் மிச்சம் பூஜ்யம் என்று வந்தாலும் வடக்குப் பார்த்த சரிவில் இன்னும் சில வாரம் பனி கிடக்கும். வெயில் படாத பக்கம் என்று ஒன்று எப்போதும் உண்டு.

மூன்றாம் படி: சாலை

சுருக்கமாகவே சொல்கிறேன். டியோகா (9,900 அடிக்குச் சற்று மேல்), சோனோரா (9,624 அடி), எபெட்ஸ் ஆகிய மூன்று கணவாய்களும் குளிர்காலத்தில் அடைத்துவிடுவார்கள். பெரும்பாலும் நவம்பரில் மூடினால் மே, ஜூனில்தான் திறப்பு. நெடுஞ்சாலை 80-உம் 50-உம் வருடம் முழுக்க ஓடும். ஆனால் புயல் வரும்போது மணிக்கணக்கில் நிறுத்திவிடுவார்கள். மாநிலப் போக்குவரத்துத் துறையான கால்டிரான்ஸின் ‘குவிக்மேப்’ செயலியைப் போனில் போட்டுக்கொள்ளுங்கள்.

குளிர்காலத்தில், வழுக்காமல் இருக்க டயரில் சங்கிலி கட்டச் சொல்லி, சங்கிலிக் கட்டுப்பாடு என்று பலகை வைப்பார்கள். ஆர் 1 என்றால் பனி டயர் போட்ட சாதாரணக் கார்கள் சங்கிலி கட்டாமல் போகலாம். ஆர் 2 என்றால் நான்கு சக்கரத்துக்கும் விசை போகிற, நான்கிலும் பனி டயர் போட்ட வண்டிகளுக்கு மட்டும் விலக்கு. ஆர் 3 என்றால் எல்லோரும் கட்டியாக வேண்டும், ஆனால் அந்த நிலை வருவதற்குள் பெரும்பாலும் சாலையையே மூடிவிடுவார்கள். விலக்கு இருந்தாலும் சங்கிலி வண்டியில் இருக்க வேண்டும். வீட்டு வாசலில் ஒருமுறை கட்டிப் பழகிவிடுங்கள். கொட்டும் பனியில், இருட்டில், விறைத்த விரல்களோடு கையேட்டைப் புரட்டுவது ஒரு தனிக் கொடுமை.

நான்காம் படி: ஆற்றைப் படியுங்கள்

இந்த மலையில் புதியவர்கள் கரடிக்கும் பாம்புக்கும் பயப்படுவார்கள். பயப்பட வேண்டியது தண்ணீருக்கு.

ஆற்றின் ஓட்டத்தை வினாடிக்கு இத்தனை கன அடி என்று போடுவார்கள். அணை நீர்வரத்துச் செய்தி படித்து வளர்ந்தவர்களுக்கு இது புதிய அளவு இல்லை. ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். 1,000 கன அடி என்றால் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி இரண்டை ஒவ்வொரு வினாடியும் கவிழ்த்துக்கொண்டே இருப்பது போல. இப்போது அதன் நடுவில் நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை முக்கியமான ஆறுகளிலெல்லாம் அளவுமானிகளை வைத்து, அளவை அன்றன்றைக்கே இணையத்தில் போடுகிறது. யோசெமிட்டி பள்ளத்தாக்கின் தலைமாட்டில், மெர்செட் ஆற்றின் ஹேப்பி ஐல்ஸில் இருக்கும் அளவுமானி 1915-லிருந்து ஓடுகிறது. மே மாதம் அதன் ஒரு வார வரைபடத்தைத் திறந்து பாருங்கள். ரம்பப் பல் மாதிரி ஏறி ஏறி இறங்கும். பகல் வெயிலில் மேலே பனி உருகுகிறது, அந்தத் தண்ணீர் இறங்கிவர நேரம் எடுக்கிறது. பனிக்குப் பக்கத்தில் இருக்கும் சிற்றோடையில் மாலையில் உச்சம், விடியற்காலையில் தாழ்வு. பல மைல் கீழே இருக்கும் ஆற்றில் அதே உச்சம் நள்ளிரவை ஒட்டி வரும்.

இதிலிருந்து வரும் விதி எளிது: மேலே ஓடை தாண்ட வேண்டியிருந்தால் விடியலில் தாண்டுங்கள். நான் இதைக் கஷ்டப்பட்டுத்தான் கற்றேன். ஒரு ஜூனில் காலை ஏழு மணிக்குக் கெண்டைக்கால் அளவு தண்ணீரில் சிரித்துக்கொண்டே ஓடையைத் தாண்டிப் போனோம். மாலை ஐந்து மணிக்குத் திரும்பி வந்தால் அதே இடத்தில் தண்ணீர் தொடையைத் தொட்டது, அடியில் கல் உருளும் சத்தம் கேட்டது. கல் உருளும் சத்தம் கேட்டால் இறங்கவே கூடாது. கூடாரமும் போர்வையும் அக்கரையில். ராத்திரி முழுக்க இக்கரையில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்து, விடிந்ததும் தாண்டினோம்.

தாண்டித்தான் ஆக வேண்டுமென்றால் பாதை ஓடையைச் சந்திக்கும் இடத்திலேயே இறங்காதீர்கள். ஆறு அகலமாக விரிந்து, பல கால்களாகப் பிரிந்து ஓடும் இடத்தைத் தேடுங்கள். அகலம் என்றால் ஆழம் குறைவு. கீழ்ப்பக்கம் என்ன இருக்கிறது என்று நடந்துபோய்ப் பாருங்கள். அருவியோ, குறுக்கே விழுந்த மரமோ இருந்தால் அந்த இடம் வேண்டாம். விழுந்த மரத்தின் கிளைகள் தண்ணீரை விட்டுவிட்டு ஆளைப் பிடித்துக்கொள்ளும். பையின் இடுப்பு வாரையும் மார்பு வாரையும் கழற்றிவிடுங்கள், விழுந்தால் பையை உதறிவிட வேண்டும். செருப்பில்லாமல் இறங்காதீர்கள். முழங்காலுக்கு மேல் வேகமான தண்ணீர் என்றால் திரும்பிவிடுவதே என் கொள்கை.

குளிரையும் கணக்கில் எடுங்கள். கரையில் 35 டிகிரி வெயில் அடிக்கும்போதும் உருகுபனித் தண்ணீர் பெரும்பாலும் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழேதான். விழுந்த நொடியில் மூச்சு தானாக வாரி இழுக்கும், அது தண்ணீருக்கடியில் நடந்தால் முடிந்தது. ஒரு நிமிடத்தில் மூச்சு நிலைப்படும். சுமார் பத்து நிமிடத்தில் கைகால் சொன்னபடி கேட்பதை நிறுத்திவிடும். நன்றாக நீந்தத் தெரியும் என்பது இங்கே பெரிதாக உதவாது.

பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து கெர்ன் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குள் நுழையும் இடத்தில் ஒரு பலகை நிற்கிறது. 1968-லிருந்து அந்த ஆறு கொண்டுபோன உயிர்களின் எண்ணிக்கை அதில் இருக்கும். முந்நூறைத் தாண்டிவிட்டது. யோசெமிட்டியின் வெர்னல் அருவி உச்சியில் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். பனி மிகுந்த 2011 ஜூலையில் வேலியைத் தாண்டித் தண்ணீரில் இறங்கிய மூன்று பேர் அருவியோடு போனார்கள். அங்கே பாறை மெழுகுத் தரை மாதிரி வழுக்கும். போட்டோவுக்காகக்கூட வேலியைத் தாண்ட வேண்டாம்.

இதெல்லாம் சொன்னதால் ஆற்றுப் பக்கமே போகாதீர்கள் என்று அர்த்தமில்லை. படகுச் சவாரியில் ஆறுகளை ஒன்று முதல் ஆறு வரை வகுப்புப் பிரித்திருக்கிறார்கள். ஒன்று சலசலப்பு, ஆறு கிட்டத்தட்டத் தற்கொலை. முதன்முறை ராஃப்டிங் போகிறவர்களுக்கு அமெரிக்கன் ஆற்றின் தெற்குக் கிளை நல்ல தொடக்கம். மூன்றாம் வகுப்பு. 1848 ஜனவரியில் தங்கம் கிடைத்துக் கலிஃபோர்னியாவின் தலையெழுத்தை மாற்றிய கொலோமா அதன் கரையில்தான் இருக்கிறது. மேலே அணைகள் இருப்பதால் கோடையிலும் குறித்த நாளில், குறித்த நேரத்தில் தண்ணீர் திறந்துவிடுவார்கள். மெர்செட் அப்படியில்லை. யோசெமிட்டிக்குக் கீழே படகு விடும் பகுதிவரை பெரிய அணை எதுவும் இல்லை. பனி தருவதைத்தான் ஆறு தரும், ஏப்ரலிலிருந்து ஜூன், ஜூலை வரைதான் சவாரி. டுவாலமி நான்காம் வகுப்பு, அனுபவம் வந்தபின் போகலாம். எந்த ஆறானாலும் மே மாதத்தில் ஒரு வகுப்பு கூட்டிப் படியுங்கள். அனுமதி பெற்ற வழிகாட்டி நிறுவனத்தோடு போங்கள், அவர்கள் கொடுக்கும் மிதவை உடுப்பை இறுக்கிக் கட்டுங்கள்.

யோசெமிட்டி பள்ளத்தாக்கிலேயே மெர்செட்டில் ரப்பர் படகு மிதக்க விடுவதற்கு ஒரு வேடிக்கையான விதி உண்டு. சென்டினல் பாலத்தில் நீர்மட்டம் 6.5 அடிக்குக் கீழே இருக்க வேண்டும், காற்றின் வெப்பத்தையும் தண்ணீரின் வெப்பத்தையும் ஃபாரன்ஹீட்டில் கூட்டினால் 100-ஐத் தாண்ட வேண்டும். விழுந்தால் விறைத்துப்போகாமல் இருக்கத்தான் இந்தக் கூட்டல்.

அருவி பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் மே, ஜூன் தொடக்கம். 2,425 அடி உயர யோசெமிட்டி அருவி, பனி குறைந்த வருடங்களில் ஆகஸ்டு வந்தால் வெறும் கறை படிந்த பாறை. வெளிநாட்டிலிருந்து வரும் அப்பா அம்மாவை ஆகஸ்டில் கூட்டிப்போய் ‘இங்கேதான் அருவி விழும்’ என்று விரலை நீட்டும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஐந்தாம் படி: சிகரம் தேர்ந்தெடுத்தல்

எடுத்த எடுப்பிலேயே விட்னி, யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறை என்று கிளம்பாதீர்கள். சென்டினல் டோம் (8,122 அடி) கிட்டத்தட்ட வீட்டு மொட்டைமாடி ஏறுவது போல, போக வர இரண்டு மைல் சொச்சம். சுற்றிலும் முழு யோசெமிட்டியும் தெரியும். அடுத்து டுவாலமி மெடோஸின் லெம்பர்ட் டோம். டாஹோ பக்கம் டாலக் சிகரம், சுமார் 9,700 அடி, ஒரு முழு நாள் வேலை. அதையும் முடித்தால் டானா (13,061 அடி). டியோகா கணவாயில் காரை நிறுத்திவிட்டு 3,100 அடி ஏற வேண்டும். பாதை மைல் கணக்கில் குறைவு, மூச்சுக் கணக்கில் அதிகம்.

மூச்சு என்றதும் உயர நோய். 8,000 அடியைத் தாண்டினால் யாருக்கும் வரலாம். உடல்பயிற்சி செய்பவர், செய்யாதவர் என்று பார்ப்பதில்லை. கடல் மட்டத்திலிருந்து அதே நாளில் 13,000 அடிக்குப் போகாமல், ஒரு ராத்திரியாவது எட்டாயிரம் ஒன்பதாயிரம் அடியில் தூங்குங்கள். தலைவலியோடு வாந்தி உணர்வு வந்தால் மேலே ஏறாதீர்கள். கூடினால் இறங்குங்கள். தள்ளாடினால், பேச்சு குழறினால், உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கினால் நடு ராத்திரியானாலும் இறக்கியாக வேண்டும்.

ஹாஃப் டோமின் கடைசி நானூறு அடி இரும்புக் கம்பிகளைப் பிடித்து ஏறுவது. கம்பிகளை வழக்கமாக மே கடைசியில் நிறுத்தி அக்டோபர் நடுவில் இறக்குவார்கள். அந்தக் காலத்தில் நாளொன்றுக்கு 300 பேருக்குத்தான் அனுமதி. முக்கியக் குலுக்கல் மார்ச்சில் நடக்கும். அதில் விழாதவர்களுக்கு, போகும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு தினசரிக் குலுக்கல் இருக்கிறது. விட்னிக்கு மே 1 முதல் நவம்பர் 1 வரை ஒதுக்கீடு, ஒரே நாளில் போய்த் திரும்புகிறவர்கள் நாளுக்கு 100 பேர். விண்ணப்பிக்க வேண்டியது பிப்ரவரியில். அதாவது பனி எவ்வளவு சேரும் என்று தெரிவதற்கு முன்பே தேதி கேட்க வேண்டும். அதனால் நான் எப்போதும் ஆகஸ்டு நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரைதான் கேட்பேன். மே மாதத் தேதி சுலபமாகக் கிடைக்கும். ஆனால் கிடைத்த மே மாதப் பெர்மிட்டுக்குப் பனிக்கோடரியும் ஆணிக்காலணியும் அவற்றைப் பயன்படுத்தும் பழக்கமும் வேண்டும். பாதையில் 22 மைல் நடை, 6,000 அடிக்கு மேல் ஏற்றம். மலக்கழிவையும் பையில் கட்டிக் கீழே கொண்டுவர வேண்டும். ஆமாம், அதற்கென்று பை தருவார்கள்.

கோடை மதியங்களில் இடிமேகம் திரளும். காலை பத்து மணிக்கு வெள்ளைப் பஞ்சாக இருப்பது ஒரு மணிக்குக் கறுத்துவிடும். நண்பகலுக்குள் உச்சியைவிட்டு இறங்கியிருக்க வேண்டும் என்று நேரத்தைப் பின்னாலிருந்து கணக்குப் போட்டால் விடியலுக்கு முன் நடக்கத் தொடங்க வேண்டியிருக்கும். தொடங்குங்கள்.

ஆறாம் படி: பனியின்மேல் நடக்கும்போது

ஜூன், ஜூலையில் மிஞ்சிய பனி காலையில் கண்ணாடி, மதியம் சேறு. காலையில் மைக்ரோஸ்பைக் (காலணிக்கு மேல் மாட்டும் குட்டி ஆணிகள்) போட்டால் மட்டமான இடங்களில் போதும். செங்குத்தான சரிவில் அது பொம்மை. மதியத்துக்கு மேல் கால் இடுப்புவரை பொத்தென்று இறங்கும், பாறைக்குப் பக்கத்தில் இன்னும் ஆழமாக. ஓடையை மூடியிருக்கும் பனிப்பாலத்தை நம்பாதீர்கள். அடியில் தண்ணீர் சத்தம் கேட்டால் சுற்றிப் போங்கள். கறுப்புக் கண்ணாடி கட்டாயம், பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைச் சுட்டுவிடும்.

நடுக்குளிரில் பனிச்சறுக்குத் தளங்களின் எல்லைக்கு வெளியே போவதானால் பனிச்சரிவு பற்றித் தெரியாமல் போகக் கூடாது. டாஹோ பகுதிக்கு சியரா அவலாஞ்ச் சென்டர், கிழக்குச் சரிவில் இருக்கும் மாமத் பகுதிக்கு ஈஸ்டர்ன் சியரா அவலாஞ்ச் சென்டர் முன்னறிவிப்பு தருகின்றன. அபாயம் ஐந்து படி. மூன்றாம் படியைப் பார்த்து ‘நடுத்தரம்தானே’ என்று கிளம்புகிறவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். 30 முதல் 45 டிகிரி சாய்வுதான் பெரும்பாலும் சரியும், அதைச் சரியவைப்பதும் பெரும்பாலும் சிக்கியவரோ கூட வந்தவரோதான். வகுப்பில் சேர்ந்து படிக்காதவரை மட்டமான புல்வெளிகளில் பனிச்செருப்பு போட்டு நடப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம், அதுவும் அழகுதான்.

ஏழாம் படி: கிளம்பும் வாரம்

திங்கட்கிழமை பனிக்கருவியின் எண்ணையும் ஆற்று வரைபடத்தையும் பாருங்கள். புதன்கிழமை தேசிய வானிலைச் சேவையின் தளத்தில் ஊர்ப் பெயரைத் தட்டாமல் வரைபடத்தில் நீங்கள் ஏறப்போகும் இடத்தையே சொடுக்கி முன்னறிவிப்பை எடுங்கள். பள்ளத்தாக்கில் 30 டிகிரி என்றால் ஆறாயிரம் அடி மேலே ஏறக்குறைய 18. காற்று அடித்தால் இன்னும் குறைந்ததாகத் தோன்றும். அந்தப் பகுதி ரேஞ்சர் நிலையத்துக்குப் போன் போட்டு, ‘ஓடை எப்படி இருக்கிறது, பனி எந்த உயரத்தில் தொடங்குகிறது’ என்று இரண்டே கேள்வி கேளுங்கள். எந்த இணையதளத்தையும்விட அது நல்ல தகவல்.

இரவு தங்கி நடப்பவர்களுக்குப் பல இடங்களில் கரடி திறக்க முடியாத உணவு டப்பா கட்டாயம். பற்பசை, சன்ஸ்கிரீன், சூயிங்கம் எல்லாம் அதற்குள்ளேதான். கரடிக்கு வாசனை வந்தால் அது உணவு. காரிலும் எதையும் விடாதீர்கள், கதவைப் பிய்த்துவிடும். பனி விலகிய இரண்டு மூன்று வாரம் புல்வெளிகளில் கொசு மொய்க்கும். தலைக்கு மாட்டும் வலை சில டாலர்தான், அந்த வாரத்தில் அது தங்கம். வரைபடத்தைப் போனில் இறக்கிக்கொள்ளுங்கள், சிக்னல் இருக்காது.

கடைசியாக, வீட்டில் இருக்கும் ஒருவரிடம் ஒரு காகிதம் கொடுத்துவிட்டுப் போங்கள். எந்தப் பாதை, கார் எங்கே நிற்கும், வண்டி எண், எத்தனை பேர், எந்த நாள் எத்தனை மணிக்குள் போன் வரவில்லையென்றால் அந்தக் கவுன்டியின் ஷெரிஃப் அலுவலகத்தைக் கூப்பிட வேண்டும் என்று எழுதியிருக்கட்டும். அந்த மணியைக் கொஞ்சம் தாராளமாகவே குறியுங்கள். மாலை ஐந்து மணி ஓடைக்காக விடியும்வரை காத்திருக்க நேரலாம்.